ஜியோலைட்டில் ஒரு வாழ்க்கை: பால் ரத்னசாமி, டிஎஸ்-1, அப்புறம் நிறுத்தத் தெரியாத ஆக்சிஜன்

கரும்பலகை

அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். புறப்பரப்பு வேதியியல் பாடத்தில் ஜியோலைட் கொஞ்சம் வரும். நுண்துளைகள் உள்ள அலுமினோசிலிகேட், வடிவம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வினைவேக மாற்றி, இசட்எஸ்எம்-5 ஆல்கஹாலைப் பெட்ரோலாக்கும். அவ்வளவுதான், ஒரு மதிப்பெண் வினாவுக்கு மேல் போகாது. போன வாரம் ஒரு மாணவி எழுந்து "இதுல நம்ம ஆளு யாரும் இல்லையா மிஸ்?" என்று கேட்டுவிட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்து தேடினேன்.

பால் ரத்னசாமி என்ற பெயர் கிடைத்தது. 1942இல் பிறந்தவர், சென்னை லயோலாவில் படித்தவர், டேராடூன் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம், பிறகு புனே தேசிய வேதியியல் ஆய்வகம், 1984இல் பட்நாகர் பரிசு, 1995 முதல் 2002 வரை அந்த ஆய்வகத்துக்கே இயக்குநர், 2001இல் பத்மஸ்ரீ, அப்புறம் அமெரிக்காவில் லூயிவில் பல்கலைக்கழகம். எல்லாம் கல்வெட்டு வாசித்த மாதிரி இருக்கிறது. இந்த மனிதர் காலையில் ஆய்வகத்துக்குப் போய் என்னதான் செய்தார், அதில் எது நிலைத்தது என்று துறையில் இருப்பவர்கள் சொல்ல முடியுமா? பதினேழு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி இருந்தால் நல்லது.

பழைய ஆட்டோகிளேவ்

டீச்சர், நல்ல கேள்வி. நான் 90களில் இதே துறையில் முனைவர் பட்டம் வாங்கியவன். அவரிடம் இல்லை, ஆனால் அவர் குழு எழுதியதைப் படிக்காமல் அன்றைக்கு இந்தத் துறையில் யாரும் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டேராடூன். அங்கே அவர் பார்த்தது ஜியோலைட் இல்லை. டீசலிலிருந்து கந்தகத்தை எடுக்கும் கோபால்ட்-மாலிப்டினம்-அலுமினா வினையூக்கி. (பாடப்புத்தகம் வினைவேக மாற்றி என்கிறது, எனக்கு வினையூக்கிதான் வாயில் வருகிறது, மன்னிக்கவும்.) அதன் அமைப்பு பற்றி சிவசங்கரோடு சேர்ந்து 1980இல் ஒரு பெரிய மறுஆய்வுக் கட்டுரை எழுதினார். சுத்திகரிப்பு ஆலைக்காரன் புத்தி அங்கேதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அப்புறம் புனே. இங்கே வந்ததுதான் என்சிலைட். என்சிஎல் (தேசிய வேதியியல் ஆய்வகத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரோடு ஒரு "ஐட்" சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் பெயர்க்காரணம். இசட்எஸ்எம்-5 குடும்பத்து ஜியோலைட், துளையின் அகலம் ஏறத்தாழ 5.5 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). இதை வைத்து இரண்டு வேலை. ஒன்று, சைலீன். சைலீனில் ஆர்த்தோ, மெட்டா, பாரா என்று மூன்று வகை கலந்து வரும், பாலியஸ்டர் துணிக்கு வேண்டியது பாரா மட்டும். பாரா ஒல்லியான மூலக்கூறு, அந்தத் துளைக்குள் சரசரவென்று போய்வரும், மற்ற இரண்டும் பக்கவாட்டில் கை நீட்டிக்கொண்டு கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். உள்ளேயே ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருக்கும்போது பாராதான் வேகமாக வெளியே வரும். வடோதராவில் ஐபிசிஎல் என்ற பெட்ரோவேதி நிறுவனத்தின் ஆலையில் இது ஓடியது.

இரண்டாவது எனக்குப் பிடித்தது: ஆல்பீன். ஆல்கஹாலும் பென்சீனும் சேர்ந்த பெயர். எத்தில்பென்சீன் (ஸ்டைரீனுக்கு மூலப்பொருள்) செய்ய உலகம் முழுக்க எத்திலீனைத்தான் எடுப்பார்கள். நம் நாட்டில் அப்போது எத்திலீன் பஞ்சம், ஆனால் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் காய்ச்சிய ஆல்கஹால் நிறைய உண்டு. வழக்கமான முறை, ஆல்கஹாலிலிருந்து தண்ணீரைப் பிரித்து எத்திலீனாக்கி, பிறகு அலுமினியம் குளோரைடு போட்டு பென்சீனோடு இணைப்பது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அலுமினியம் குளோரைடு காலி. ஜியோலைட்டுக்கு அந்தப் பயம் இல்லை, எனவே ஆல்கஹாலை நேரடியாகவே விட்டுவிடலாம், ஒரு படி மிச்சம். விசாகப்பட்டினம் இந்துஸ்தான் பாலிமர்ஸ் ஆலையில் அதைச் செய்தார்கள்.

உங்கள் மாணவியிடம் இந்தக் கழிவுப்பாகு கதையைச் சொல்லுங்கள். பரிசுப் பட்டியலை அவள் நாளைக்கே மறந்துவிடுவாள்.

சுண்ணாம்புக்கல்

வேதியியல் எனக்குத் தெரியாது, நான் மண் கல் பார்க்கிற ஆள். ஒரு சின்னக் குறுக்கீடு மட்டும்.

ஜியோலைட் என்றால் கிரேக்கத்தில் கொதிக்கும் கல். 1756இல் ஸ்வீடன்காரர் க்ரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தை ஊதுகுழல் தீயில் காட்டியபோது உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகி நுரைத்துக்கொண்டு வந்ததாம், அதனால் அந்தப் பெயர். இயற்கை ஜியோலைட்டுக்கு உலகத்திலேயே பேர்போன இடங்களில் ஒன்று தக்காணத்து எரிமலைப் பாறை. புனேயைச் சுற்றி இருக்கும் கல்குவாரிகளில் பாறையை உடைத்தால் உள்ளே பொந்து பொந்தாக இருக்கும், அந்தப் பொந்துகளில் பீச் பழ நிறத்தில் ஸ்டில்பைட், பக்கத்தில் ஹியூலண்டைட். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பணத்தைக் கொட்டி வாங்குவார்கள், குவாரித் தொழிலாளிக்கு அதில் என்ன கிடைக்கும் என்பது வேறு கதை.

இன்னொன்று. என்சிஎல் இருப்பது பாஷாண் பகுதியில். பாஷாண் என்றால் கல். நமக்குப் பாஷாணம் என்றதும் விஷம்தான் ஞாபகம் வரும், பழனி நவபாஷாணம்கூட. வடமொழியில் மூலச்சொல் கல்தான். ஆக கொதிக்கும் கல்லை ஆராய்ந்த இடத்தின் பெயரே கல்.

மூணாம்வருஷம்

பாஷாண் விஷயம் சூப்பர் 😄

நான் இப்போது ஆய்வு மாணவன், மூன்றாம் வருடம், தலைப்பு டைட்டானியம் சிலிகலைட், டீச்சர் தலைப்பில் போட்ட டிஎஸ்-1 அந்த வகைதான். தலைப்பில் "ஆக்சிஜன்" என்று போட்டிருக்கிறீர்களே டீச்சர், ஆனால் ஆட்டோகிளேவ் சார் சொன்னதெல்லாம் அமில ஜியோலைட், அதாவது அமிலம் மாதிரி வேலை செய்கிற வகை. அவருடைய ஆக்சிஜனேற்ற வேலையைப் பற்றி யாராவது எழுதுங்கள். என் வழிகாட்டி "தங்கராஜ் முறை" என்று சொல்லி ஒரு ஆய்வுக்கட்டுரையைக் கையில் கொடுத்து, செய்து கொண்டு வா என்று அனுப்பினார். ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் சொதப்பல். அது பிறகு.

பழைய ஆட்டோகிளேவ்

தம்பி, ஐந்துதானா? எனக்குப் பதினொன்று.

டீச்சருக்காக முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜனேற்றம் செய்வது கஷ்டமே இல்லை, தீக்குச்சி போதும். எந்தக் கரிமப் பொருளும் கரியமில வாயுவும் தண்ணீருமாகத்தான் போக விரும்பும். கஷ்டம் நடுவில் நிறுத்துவது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவது போல. தண்ணீரில் விட்டால் உருட்ட வரவேண்டும், அந்தப் பதத்தில் இறக்கணும், அரை நிமிடம் தவறினால் கல்லாகிவிடும். பென்சீனில் ஒரு ஆக்சிஜனை ஏற்றினால் ஃபீனால். ஆனால் ஃபீனால் பென்சீனைவிடச் சுறுசுறுப்பானது, அது இன்னொரு ஆக்சிஜனை இன்னும் எளிதாக வாங்கிக்கொள்ளும். நீங்கள் கேட்டது நடுவில் இருக்கும் பொருள், கிடைப்பது அதைத் தாண்டிய பொருள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான் ஒவ்வொரு முறையும்.

அதனால் பழைய ஆட்கள் ஆக்சிஜனை நேராகக் கொடுக்காமல் சுற்றி வளைத்துக் கொடுத்தார்கள். குரோமியம், பெர்மாங்கனேட், நைட்ரிக் அமிலம், குளோரின். வேலை முடியும், கூடவே உப்பும் சாக்கடையும் மலை மாதிரி வரும். ப்ரொப்பிலீன் ஆக்சைடைக் குளோரின் வழியில் செய்தால் ஒரு டன் பொருளுக்கு ஏறத்தாழ இரண்டு டன் உப்பு கழிவாக வரும்.

இந்த இடத்தில்தான் இத்தாலி. 1983இல் எனி குழுமத்து ஸ்னாம்ப்ரொஜெத்தி நிறுவனத்தின் தராமாஸ்ஸோ, பெரேகோ, நோத்தாரி மூவருக்கும் ஒரு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இசட்எஸ்எம்-5 அமைப்பிலேயே, அலுமினியம் துளியும் இல்லாமல், சிலிக்கான் இருக்கவேண்டிய சில இடங்களில் டைட்டானியத்தை உட்கார வைத்தார்கள். அதுதான் டிஎஸ்-1. இதற்கு ஆக்சிஜன் கொடுப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, வேலை முடிந்தால் மிஞ்சுவது தண்ணீர் மட்டும். சிலிக்கா மேல் டைட்டானியத்தைப் பூசி ஷெல் நிறுவனம் முன்பே வினையூக்கி வைத்திருந்தது, ஆனால் தண்ணீர் பட்டால் அது படுத்துவிடும். பெராக்சைடோ தண்ணீரில்தான் கரைந்து வரும். டிஎஸ்-1 துளையின் உட்சுவர் தண்ணீரை விரும்பாது, தாமரை இலை மாதிரி. தண்ணீர் வெளியே நிற்க, கரிம மூலக்கூறு உள்ளே போய்விடும். முழு ரகசியமும் அதுதான் என்று அன்றைக்கு எங்களுக்குச் சொன்னார்கள்.

1986இல் ராவென்னாவில் வருடம் 10,000 டன் அளவில் ஃபீனாலிலிருந்து கேட்டகாலும் ஹைட்ரோகுயினோனும் செய்யத் தொடங்கினார்கள். அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது, புனே உட்பட.

வால்வு வாசு

நான் ஆலையில் முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்தவன். நேராகவே கேட்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். அவருடைய அமில ஜியோலைட்டுகள் வடோதராவிலும் விசாகப்பட்டினத்திலும் டன் கணக்கில் ஓடின, அதை நான் கும்பிடுகிறேன். நம் ஊர்ச் சரக்கு நம் ஊர் ரியாக்டரில் ஓடுவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் டிஎஸ்-1 இத்தாலிக்காரன் கண்டுபிடித்தது, இத்தாலியில் ஓடியது. 2003இல் ஜப்பானில் சுமிடோமோ நைலான்-6க்கான கேப்ரோலாக்டம் ஆலையில் அதே வகை வினையூக்கியை ஓட்டியது. 2008இல் கொரியா உல்சானில் எஸ்கேசியும் எவோனிக்கும் சேர்ந்து ப்ரொப்பிலீன் ஆக்சைடு ஆலை போட்டார்கள், வருடம் ஒரு லட்சம் டன். அதை அடுத்து ஆன்ட்வெர்ப்பில் பிஏஎஸ்எஃப்-டௌ ஆலை, அது மூன்று லட்சம். இதில் புனேயின் பங்கு என்ன? ஆய்வுக்கட்டுரைதானே? எங்கள் ஆலையில் கட்டுரையை வைத்து ஒரு கேஸ்கெட் (மூடி இடுக்கில் கசிவைத் தடுக்கும் வளையம்) கூட மாற்ற முடியாது.

(விசாகப்பட்டினம் இந்துஸ்தான் பாலிமர்ஸ் என்றதும் ஒன்று சொல்லணும். 1997இல் எல்ஜி கைக்குப் போன ஆலை அதுதான். 2020 மே 7 விடியற்காலை ஸ்டைரீன் கசிந்ததே, அதே வளாகம். ஜியோலைட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, தொட்டியில் கிடந்த ஸ்டைரீன் சூடேறியது. ஆனாலும் பெயரைக் கேட்டதும் மனசு அங்கே போகிறது.)

செந்தாழை

வாசு அண்ணா, கேள்வி நியாயம்தான், பதில் கொஞ்சம் சுற்றி வரும். நான் ஐரோப்பாவில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் இருக்கிறேன், டைட்டானியம்தான் என் சோறு.

காப்புரிமையில் எழுதியிருந்த முறைப்படி டிஎஸ்-1 செய்வது மற்றவர்களுக்குத் தலைவலியாக இருந்தது. சிலிக்கா மூலம், டைட்டானியம் எத்தாக்சைடு, வார்ப்புக்கு (துளைகள் உருவாக அச்சு மாதிரி நிற்பது) டெட்ராப்ரொப்பைல் அம்மோனியம் ஹைட்ராக்சைடு, எல்லாவற்றையும் கலக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் டைட்டானியம் எத்தாக்சைடு தண்ணீரைக் கண்டதும் ஓடிப்போய் டைட்டானியம் டையாக்சைடாக, அதாவது சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ட் பொடியாக, கீழே விழுந்துவிடும். சிலிக்கா மெதுவாகத்தான் கரையும். இரண்டு பேர் கைகோத்து நடக்கவேண்டிய இடத்தில் ஒருவன் ஓடுகிறான், மற்றவன் இன்னும் செருப்பையே மாட்டவில்லை.

புனே குழு என்ன செய்தது? தங்கராஜ், ராஜீவ் குமார், மிராஜ்கர், ரத்னசாமி நான்கு பேர் பெயரில் 1991இல் வந்த ஆய்வுக்கட்டுரை. எத்தாக்சைடுக்குப் பதில் பியூட்டாக்சைடு. அதையும் ஈரமில்லாத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக. பியூட்டாக்சைடு கொஞ்சம் சோம்பேறி, அதனால் சிலிக்காவோடு சேர்ந்து நடந்து வரும். பார்க்க எவ்வளவு சின்ன மாற்றம்! இன்றைக்கு எந்த நாட்டு ஆய்வகத்தில் டிஎஸ்-1 செய்தாலும் அநேகமாகப் பியூட்டாக்சைடு பாட்டில்தான் அலமாரியில் இருக்கும். மூணாம்வருஷம் தம்பியின் வழிகாட்டி கையில் கொடுத்ததும் அதுதான். ரியாக்டரில் ஓடுவது ஒரு வகை வாழ்வு என்றால், முப்பது வருடம் கழித்தும் முகம் தெரியாத பிள்ளைகளின் கைப்பழக்கமாக ஓடுவது இன்னொரு வகை இல்லையா?

அதோடு டிஎஸ்-2ம் இருக்கிறது. 1990இல் சுதாகர் ரெட்டி, ராஜீவ் குமார், ரத்னசாமி. டிஎஸ்-1க்குச் சித்தப்பா மகன் மாதிரி, சட்டகம் (அணுக்கள் கோத்து நிற்கும் கூடு) மட்டும் வேறு. அதுவும் புனேயில் செய்து எழுதியது.

வால்வு வாசு

சரி, பியூட்டாக்சைடு விஷயம் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். கேஸ்கெட்டைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

கரும்பலகை

செருப்பு உவமை வகுப்புக்குப் போகிறது, நன்றி. ஒரு சந்தேகம். டைட்டானியத்தைக் கூட்டினால் வேலை கூடும்தானே? ஏன் சிலிக்கான் இடத்திலெல்லாம் டைட்டானியத்தையே போட்டுவிடக் கூடாது?

செந்தாழை

டீச்சர், நீங்கள் தெரியாமல் ஒரு பழைய சண்டையைக் கிளப்பிவிட்டீர்கள் 😊

டைட்டானியம் அணு சிலிக்கானைவிடப் பெரியது. அதைச் சட்டகத்தில் திணிக்கத் திணிக்கச் சட்டகம் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கும், எக்ஸ் கதிர் வைத்து அந்த வீக்கத்தை அளக்கலாம். இத்தாலி எனி குழும ஆட்கள் அளந்து 1992இல் எழுதினார்கள்: நூற்றுக்கு 2.5 டைட்டானியம்தான் உள்ளே போகும், அதற்குமேல் போட்டால் வெளியே பெயின்ட் பொடியாக நிற்கும். புனே கட்டுரையோ, எங்கள் முறையில் பத்து சிலிக்கானுக்கு ஒரு டைட்டானியம் வரை போகிறது என்றது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு! கட்டுரைக்குக் கட்டுரை பதில் வந்தது. இன்று பெரும்பாலோர் 2.5 பக்கம்தான் நிற்கிறார்கள், நானும் அந்தப் பக்கம். செய்முறை வென்றது, எண்ணிக்கை வெல்லவில்லை என்பது என் தீர்ப்பு. ஆட்டோகிளேவ் சார் என்னை அடிக்க வரலாம்.

பழைய ஆட்டோகிளேவ்

அடிக்க மாட்டேன், தங்கச்சி. 330ஐப் பார்த்து அழுத எவனும் 2.5ஐ மறுக்க மாட்டான்.

டீச்சருக்கு: புற ஊதா ஒளியில் பார்த்தால் சட்டகத்தில் ஒழுங்காக உட்கார்ந்த டைட்டானியம் 210 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை உறிஞ்சும். வெளியே விழுந்த பொடி 330 பக்கத்தில் ஒரு மேடு காட்டும். அந்த மேடுதான் இந்தத் துறையின் சனி. அது இருந்தால் பெராக்சைடை வீணாகச் சிதைத்து வெறும் ஆக்சிஜன் குமிழாக விட்டுவிடும், காசு காற்றில் போகும். கண்ணுக்கு இரண்டு பொடியும் ஒரே வெள்ளை.

என் கதை ஒன்று. அன்று எங்கள் ஆய்வகத்தில் வார்ப்புக் கரைசல் பாட்டில் ஒன்று வந்தது. வெளிநாட்டுச் சரக்கு, ஒரு பாட்டில் விலை எங்கள் உதவித்தொகையைவிட அதிகம். எட்டு மாதம் அதை வைத்து முட்டினேன். 330 போகவே இல்லை. கடைசியில் யாரோ சொல்லிக் கரைசலில் சோடியம் பார்த்தோம். இருந்தது! சோடியம், பொட்டாசியம் கொஞ்சம் கலந்தாலும் டைட்டானியம் சட்டகத்துக்குள் போகாது, வெளியே நின்றுவிடும். காப்புரிமையிலேயே காரம் கூடாது என்று இருக்கிறது, நான் கவனிக்கவில்லை. எட்டு மாதம்.

செந்தாழை

சட்டகத்துக்குள் இருப்பது ஒற்றை டைட்டானியம், ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு, அதனால்தான் ஆக்சிஜன் அளவாக ஏறுகிறது என்றுதான் எல்லாரும் படித்தோம். ரத்னசாமி, சீனிவாஸ், க்னோட்சிங்கர் மூவரும் 2004இல் அட்வான்சஸ் இன் கேட்டலிசிஸில் நூற்றறுபது பக்கத்துக்கு மேல் எழுதினார்கள்: பெராக்சைடு டைட்டானியத்தில் ஒட்டியதும் எந்த எந்த வடிவம் எடுக்கிறது, ஹைட்ரோபெராக்சோவா, சூப்பராக்சோவா, எது நல்ல வேலை செய்கிறது, எது கெடுக்கிறது என்று. எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்திருப்பார்கள். என் பிரதியில் மஞ்சள் கோடு போடாத பக்கமே குறைவு.

அப்புறம் 2020இல் நேச்சரில் ஒரு ஆய்வு வந்தது. ஆக்சிஜன்-17 அணுக்கரு காந்த ஒத்ததிர்வு வைத்துப் பார்த்து, ப்ரொப்பிலீனை எப்பாக்சைடாக்கும், அதாவது ப்ரொப்பிலீன் ஆக்சைடாக மாற்றும் இடம் ஒற்றை டைட்டானியம் இல்லை, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு என்கிறார்கள். அன்றைக்கு ஆய்வகக் கூட்டத்தில் எங்கள் பேராசிரியர் ஐந்து நிமிடம் பேசவே இல்லை. முப்பத்தைந்து வருடம் தனித்தீவு என்று வரைந்த படத்தை அழித்து ஜோடி என்று வரையணும். இன்னும் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை, விவாதம் நடக்கிறது. ஆலையோ 2008இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஒன்றா இரண்டா என்று அது கேட்கவில்லை.

வால்வு வாசு

கடைசி வரிக்காக உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.

ஆனால் அதே பிஏஎஸ்எஃப்-டௌ முறையில் கழிவுநீர் 70 முதல் 80 சதவீதம் குறைகிறது என்று சொல்லி 2010இல் அமெரிக்க பசுமை வேதியியல் விருது கொடுத்தார்கள். மணலி மாதிரி ஊரில் வேலை பார்த்தவனுக்குத்தான் அந்த எண்ணின் அருமை தெரியும். உப்புக் கழிவுநீரைச் சுத்தம் செய்வதுதான் எங்கள் இரவு ஷிஃப்டின் பாதி வேலை.

சுண்ணாம்புக்கல்

கோவிட் சமயம் ஆக்சிஜன் கருவிக்குள் இருந்ததும் ஜியோலைட்தானே?

பழைய ஆட்டோகிளேவ்

ஆமாம், ஆனால் அது வேறு வகை, வேறு வேலை. காற்றில் இருக்கும் நைட்ரஜனை ஜியோலைட் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆக்சிஜன் கடந்து போகும். வேதிவினை எதுவும் இல்லை. 2021இல் அதற்கான ஜியோலைட்டை விமானத்தில் வெளிநாட்டிலிருந்து இறக்கினோம். ஜியோலைட் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் நாடு, பொடியை இறக்குமதி செய்தது. சரி, விடுங்கள்.

டீச்சர் கேட்டதற்கு இன்னும் ஒன்று பாக்கி. கூண்டு வேலை. ஜியோலைட்-ஒய் என்று ஒன்று உண்டு. உள்ளே 12, 13 ஆங்ஸ்ட்ராம் அகலக் கூண்டு, ஆனால் வாசல் 7.4தான். இந்தக் கூண்டுக்குள் முதலில் தாமிர அயனியை அனுப்புவார்கள், பிறகு சின்னச் சின்னத் துண்டுகளை அனுப்பி, உள்ளேயே நான்கு துண்டு சேர்ந்து தாமிரத்தைச் சுற்றி ஃப்தாலோசயனின் என்ற பெரிய வளைய மூலக்கூறு ஆகும்படி செய்வார்கள். செய்தபிறகு அதால் வாசல் வழியே வெளியே வர முடியாது. குப்பிக்குள் கப்பல் செய்கிறார்களே, அது. ராபர்ட் ராஜாவும் ரத்னசாமியும் 1997 வாக்கில் இதை வைத்துச் சைக்ளோஹெக்சேனை ஆக்சிஜனேற்றம் செய்தார்கள், மீத்தேனை மெத்தனாலாக்குவதையும் முயன்றார்கள். நம் ரத்தத்தில் இரும்பைச் சுற்றி இருக்கும் வளையத்துக்குக் கிட்டத்தட்ட உறவு முறை. நொதி செய்வதைக் கல்லுக்குள் செய்ய வைக்கும் ஆசை.

அதே யோசனையில் 2001இல் கோபால்ட்-மாங்கனீசு கொத்துகளைக் கூண்டில் அடைத்து, பாரா-சைலீனைப் பாலியஸ்டருக்கு வேண்டிய டெரிஃப்தாலிக் அமிலமாக்கினார்கள். கவனித்தீர்களா? 80களில் என்சிலைட் வைத்துச் சைலீனிலிருந்து பாராவைத் தேற்றிக் கொடுத்த மனிதர், இருபது வருடம் கழித்து அதே பாராவை அடுத்த படிக்குக் கொண்டுபோக வந்து நிற்கிறார். அமிலம் வேறு, ஆக்சிஜன் வேறு என்று நாம்தான் அத்தியாயம் பிரிக்கிறோம். அவர் ஒரே பாலியஸ்டர் சட்டையின் பின்னால் நடந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

செந்தாழை

கூண்டு வேலையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அவர்கள் குழுவை மட்டும் சொல்லவில்லை, அந்தக் காலத்து எல்லாரையும். உலோகம் கூண்டுக்குள்ளேயே இருக்கிறதா, கரைந்து வெளியே வந்து திரவத்தில் வேலை செய்கிறதா என்பது பெரிய கேள்வி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் வேதியியலர் ஷெல்டன் இதை விடாமல் கேட்டார். வினை பாதி நடக்கும்போதே, சூடாக இருக்கும்போதே வடிகட்டி எடுத்துவிடு. வடிகட்டிய தெளிவு தொடர்ந்து வினைபுரிந்தால் உன் திடப்பொருள் வினையூக்கியே இல்லை, கரைந்த உலோகம்தான் வேலை செய்தது. ஆறவைத்து வடிகட்டினால் கரைந்தது மறுபடி ஒட்டிக்கொண்டுவிடும், ஏமாந்து போவாய். இந்தச் சோதனையில் குரோமியம், வனேடியம் ஜியோலைட்டுகள் பல விழுந்தன. டிஎஸ்-1 நின்றது. அதனால்தான் ஆலைக்குப் போக முடிந்தது.

கரும்பலகை

நாளைக்கு முதல் பீரியட். கழிவுப்பாகு, செருப்பு மாட்டாத சிலிக்கா, குப்பிக்குள் கப்பல், மூன்றும் போதும். சூடாக வடிகட்டுவதை அந்த மாணவிக்கு மட்டும் தனியாகச் சொல்வேன், அவள்தான் "அது எப்படித் தெரியும் மிஸ்?" என்று கேட்கிற ரகம்.

மூணாம்வருஷம்

எல்லாரும் நல்லபடியாகப் பேசி முடித்துவிட்டீர்கள், என் 330 மேடு அப்படியேதான் இருக்கிறது 😭 என் செய்முறை: சிலிக்கேட்டில் வார்ப்புக் கரைசல் ஊற்றி, அறை வெப்பத்தில், பியூட்டாக்சைடை ஐசோப்ரொப்பனாலில் கலந்து ஊற்றுகிறேன். ஊற்றும்போது லேசாகப் பால் மாதிரி ஆகிறது, பத்து நிமிடத்தில் தெளிகிறது. பிறகு 80 டிகிரியில் ஆல்கஹாலை விரட்டி, ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலனில்) 170இல் மூன்று நாள்.

பழைய ஆட்டோகிளேவ்

பால் மாதிரி ஆனபோதே கதை முடிந்தது தம்பி. தெளிந்துவிட்டதே என்று ஆறுதல் படாதே, அந்தப் பாலில் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கும்.

ஐஸ் பாத்தில் வை. ஐசோப்ரொப்பனால் உண்மையிலேயே உலர்ந்ததா என்று பார், திறந்து மூன்று மாதமான பாட்டில் என்றால் அது ஈரத்துணிதான், அதுவும் கடலோர ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். ஊற்றாதே, சொட்டவிடு, ஒரு சொட்டு கலந்து மறைந்தபிறகு அடுத்த சொட்டு, ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், நடுவில் போனை எடுக்காதே. கண்ணாடி பீக்கர் வேண்டாம், காரக் கரைசல் கண்ணாடியிலிருந்து சோடியத்தை உரித்துக்கொண்டு வரும், பிளாஸ்டிக் பீக்கரில் செய். வார்ப்புக் கரைசல் பாட்டிலில் சோடியம் எவ்வளவு என்று லேபிளைப் படி. எட்டு மாதம் போன ஆள் சொல்கிறேன்.

செந்தாழை

கூடவே, வினை முடிந்ததும் மிச்சப் பெராக்சைடை அயோடோமெட்ரியில் டைட்ரேட் செய்து எழுதி வை. எவ்வளவு வீணானது என்று தெரியாமல் மகசூலை மட்டும் எழுதினால் எந்த மதிப்பீட்டாளரும் விடமாட்டார், நானும் விடமாட்டேன்.

மூணாம்வருஷம்

பிளாஸ்டிக் பீக்கர் சத்தியமாக யோசிக்கவில்லை. நாளைக்குப் போடுகிறேன்.

மூணாம்வருஷம்

(ஒன்பது நாள் கழித்து) ஐஸ் பாத், புது பாட்டில், பிளாஸ்டிக் பீக்கர், ஒரு மணி பத்து நிமிடம் சொட்டு. பாலாகவே இல்லை, தண்ணீர் மாதிரி தெளிவு. இரண்டாம் நாள் இரவு கரண்ட் போய் ஓவன் நாற்பது நிமிடம் அணைந்தது, வாட்ச்மேன் அண்ணன்தான் பார்த்து மறுபடி போட்டார். 550இல் எரித்து இன்று காலை புற ஊதா எடுத்தேன். 210இல் நல்ல உயரம். 330இல் இன்னும் ஒரு சின்னக் குன்று, ஆனால் போன தடவைக்குக் கால்வாசிதான். அகச்சிவப்பில், டைட்டானியம் சட்டகத்துக்குள் போனதற்கு அடையாளமான 960 கோடும் வந்திருக்கிறது.

பழைய ஆட்டோகிளேவ்

ஆறாவது முறையிலா? பொறாமையாக இருக்கிறது. வாட்ச்மேனுக்கு நன்றியுரையில் ஒரு வரி போடு.

வால்வு வாசு

அந்த ஆட்டோகிளேவுக்கு கேஸ்கெட் எப்போது மாற்றினாய்?

மூணாம்வருஷம்

...நாளைக்கு மாற்றுகிறேன் அண்ணா.